ஏரியலின் பொருத்தமும் வால்வின் வெப்பமும்

1930களில் வானொலிப் பொறியியலாளரை வருத்திய சிக்கல் ஒன்று உண்டு. ஒலிபரப்பியிலிருந்து வலுவைச் சுமந்துசெல்லும் கம்பியும் ஏரியலும் மின்னெதிர்ப்பில் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மற்றையதன் இருமடங்காயின், சென்ற வலுவில் 9இல் 1 பங்கு ஏரியலில் மோதித் திரும்பிவிடும். அப்போது ஒலிபரப்பியின் இறுதி வால்வு தகாத சுமையோடு இயங்க நேரிடும். வானிற் பரவவேண்டிய வலு வால்வின் தகட்டிலே வெப்பமாய்த் தேங்கும். வெப்பம் மிகுந்து வால்வு அழிந்தால், நிலையமே ஊமையாகும்.

இப்பொருத்தத்தைக் கணிப்பது பெருந்தொல்லையாயிருந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் பிலிப் சிமித், 1939 சனவரியில் வட்ட வரைபடம் ஒன்றை வெளியிட்டார். பக்கம் பக்கமாய்ப் போட்ட கணக்கு, ஒரே தாளில் கோடு தொடரும் வேலையாயிற்று. கணினி வந்த பின்னரும் பொறியியலாளர் அதனைக் கைவிட்டாரல்லர். நாம் கேட்கும் குரலுக்குப் பின்னால் அவ்வொற்றைத் தாளின் உதவியும் உண்டு.