மஞ்சள் பை எங்கே போனது?

ஜேர்மனியில் நம்மவர் இருவர் சந்தித்தால், பேச்சு எப்படியோ ஊர்க் குப்பையில் வந்து நிற்கிறது. விடுமுறைக்கு இலங்கை போய்வந்தவர் ஒழுங்கையெல்லாம் பொலித்தீன் கிடப்பதைச் சொல்லி, "எங்கட சனத்துக்குச் சுத்தம் தெரியாது. இஞ்ச பாருங்கோ, எல்லாத்தையும் பிரிச்செல்லோ போடுறாங்கள்" என்று முடிப்பார். இந்த முடிவுடன் எனக்கு உடன்பாடில்லை. சுத்தத்தை ஓர் இனத்தின் குணமாகப் பார்க்கும்போது அதன் வரலாறு மறைந்துபோகிறது. ஜேர்மனியின் குப்பை ஒழுங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. நம்மிற் பலர் இங்கு வந்துசேர்ந்த காலத்திலேதான் அது தொடங்கியது.

1980களின் இறுதியில் இந்நாட்டின் குப்பைமேடுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. புதிய எரியுலைகளை மக்கள் எதிர்த்தனர். அந்த நெருக்கடியில், சுற்றாடல் அமைச்சர் கிளவுஸ் தொப்பரின் காலத்தில், 1991 ஜூனில் பொதியிடல் ஆணை வந்தது. பொருளைப் பொதிசெய்து விற்பவரே அப்பொதிக்கும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. நியாயமான தத்துவம், பின்னர் பல நாடுகள் இதைப் பின்பற்றின. நிறுவனங்கள் 1990 இலேயே கூடி 'டுவாலெஸ் சிஸ்டம்' என்ற அமைப்பை உருவாக்கியிருந்தன. கட்டணம் செலுத்திய பொதியிற் பச்சைப் புள்ளி விழுந்தது. வீட்டு வாசலில் மஞ்சள் பை வந்து நின்றது.

மக்கள் முழு மனதுடன் ஒத்துழைத்தார்கள். சிக்கல் அங்கிருந்தே தொடங்கியது. பிளாஸ்ரிக் என்பது ஒரே பொருளல்ல. தயிர்க் கோப்பை ஒரு வகை, போத்தல் இன்னொரு வகை, பொலித்தீன் வேறொரு வகை. கலந்து உருக்கினால் தரமான பொருள் கிடைக்காது. கழுவவேண்டும், வகை பிரிக்கவேண்டும்; அதற்கு ஆலைகளும் ஏராளமான கைகளும் வேண்டும். சேர்ந்த அளவோ ஆலைகளின் கொள்ளளவை வெகுவாக மீறியது. 1993 இல் அந்த அமைப்பே வங்குரோத்தின் விளிம்புக்குப் போய், பெருமுயற்சியாற் காப்பாற்றப்பட்டது. மிஞ்சியதில் ஒரு பகுதி கப்பலேறியது. பச்சைப் புள்ளி பொறித்த பொதிகள் இந்தோனேசியக் குப்பைகளுக்குள் கண்டெடுக்கப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் பிறேமன் உருக்காலையின் ஊதுலைக்குள்ளும் பிளாஸ்ரிக் போனது. அதுவும் கணக்கில் 'மீளப் பயன்படுத்தல்' என்றே எழுதப்பட்டது.

அதே ஆண்டுகளில் நாம் எப்படி இருந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்தவர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்டமுடியாது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விடுதியிலும் பொது இடங்களிலும் அவர் செய்த வேலைக்கு மணித்தியாலத்துக்கு 2 மார்க். பக்கத்து நகரத்து நண்பனைப் பார்க்க நமக்குக் கடிதம் வேண்டியிருந்தது. நாம் எறிந்த தயிர்க் கோப்பைக்கோ கடல்கடக்க வழி இருந்தது.

ஆபத்தான கழிவுகளின் கடத்தலைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989 இல் உருவாகி 1992 இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண பிளாஸ்ரிக் கழிவு அதற்குள் பெரும்பாலும் அகப்படவில்லை. 'மீள்சுழற்சிக்காக' என்று எழுதினாற் போதும், கழிவு சரக்காகிவிடும். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சீனா இச்சரக்கின் பெரும்பகுதியை வாங்கியது. 2018 ஜனவரியில் சீனா கதவைச் சாத்தியதும் மலேசியாவும் துருக்கியும் அடுத்த வாசல்களாகின. 2020 இலும் ஜேர்மனியிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் தொன் பிளாஸ்ரிக் கழிவு வெளியேறியது. கலப்படமான பிளாஸ்ரிக் கழிவை அனுப்புவதற்குப் பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும் என்ற திருத்தம் 2021 ஜனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது.

இலங்கையும் இந்த வலைக்கு வெளியே இருக்கவில்லை. பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்த கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவும் இருந்தது. வழக்குப் போட்டுத்தான் அவற்றைத் திருப்பி அனுப்ப முடிந்தது. 2020 செப்ரெம்பரில் தொடங்கி 2022 வரை 263 கொள்கலன்கள் திரும்பிப் போயின.

இதைச் சொல்வதால் நம் நாட்டவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் சரிந்து 32 பேரைக் கொன்ற மலை, பிரித்தானியக் குப்பையல்ல, கொழும்பின் குப்பை. அதன் அடியிற் புதைந்தவர்கள் அங்கே வீடு கட்டியிருந்த ஏழைகள். மெல்லிய பொலித்தீனுக்கு 2007 இலேயே தடை வந்திருந்தும் அது கடதாசியோடு நின்றது. ஜேர்மனி தன் குப்பையைக் கடலுக்கு அப்பால் உள்ள ஏழையிடம் அனுப்பியது. கொழும்பு தன் குப்பையை நகர ஓரத்து ஏழையிடம் அனுப்பியது. தூரம் வேறு, விதி ஒன்று.

நம் ஊரிற் சைக்கிளில் வந்து போத்தலும் பழைய இரும்பும் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலை விளக்காக்கிப் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எறியாமல் வாழத் தெரிந்த சமூகம்தான் நம்முடையது. அது இல்லாமையிற் பிறந்த பழக்கம், அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் போத்தற்காரரை நாம் என்ன மரியாதையோடு நடத்தினோம்? அவரது தொழிலைச் சாதியாலும் ஏளனத்தாலும் அளந்தவர்கள் இன்று இங்கே மஞ்சள் பையை முடிச்சுப்போட்டுவிட்டு நாகரிகம் பேசுகிறோம்.

பிரித்துப் போடுவது நல்லது, தொடர்ந்து செய்வோம். ஆனால் பையை வாசலில் வைத்ததும் நம் பொறுப்பு முடிகிறதா? அதை இறுதியிற் கையால் தொடுபவர் யார், எந்த நாட்டில், என்ன கூலிக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பின், ஊர்ச் சனத்தின் சுத்தத்தைப் பற்றி விவாதிப்போம்.