கண்டவரும் கொண்டவரும்

நாட்டைக் கண்டுபிடித்தவன் ஒருவன், ஆண்டு அநுபவித்தவன் வேறொருவன் என்பது சரித்திரத்தில் பழகிய கதைதான். காமிரா வியாபாரத்திலும் அந்தக் கதை நடந்திருக்கிறது.

1975-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனியில், ஸ்டீவன் சாஸன் என்ற இளம் எஞ்சினீயர் ஒரு விநோதப் பெட்டியைச் செய்து முடித்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஃபிலிம் கிடையாது. ஒரு படம் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. படமும் 10,000 புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். டிஜிட்டல் காமிராவின் மூதாதை அதுதான்!

அதற்குப் பிறகு கோடக் தூங்கிவிட்டது என்பார்கள். அது முழு உண்மையன்று. 1991-ல் நிக்கான் காமிராவின் உடலில் தன் டிஜிட்டல் கருவியைப் பொருத்தி விற்றது கோடக்தான். 2005-ல் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடமும் அதற்கே. பின் என்ன குறை? கோடக்குக்குக் காமிரா வெறும் கன்று. பால் தந்த பசு ஃபிலிம். பசு போன பிறகு கன்றை மட்டும் கட்டி வைத்து என்ன செய்வது? 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனுச் செய்துகொண்டது.

ஜப்பானியருடைய பசுவோ லென்ஸ். நிக்கான் 1959-ல் அமைத்த லென்ஸ் பூட்டையே 1999-ல் வந்த தன் டிஜிட்டல் காமிராவிலும் வைத்துக்கொண்டது. கானன் 1987-லேயே பழைய பூட்டை மாற்றிப் பழைய வாடிக்கைக்காரர்களின் மனஸ்தாபத்தைச் சம்பாதித்தது. ஆனால் அந்தப் புதிய பூட்டு டிஜிட்டல் காலத்துக்கும் உதவிற்று. 2003-ல் 1,000 டாலருக்குக் குறைந்த விலையில் லென்ஸ் மாற்றும் காமிரா ஒன்றைக் கானன் கொண்டுவந்தது. மறு ஆண்டே நிக்கானும் போட்டிக்கு வந்தது. 'கானனா, நிக்கானா?' என்று நண்பர்கள் சண்டையிட்டார்கள். அந்தப் பக்தியில் பாதி பிரியம். பாதி, வீட்டு அலமாரியில் சேர்ந்துவிட்ட லென்ஸ்! நாலு லென்ஸ் வாங்கியவர் கம்பெனி மாறுவது, நடு வருஷத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றுவது போன்ற காரியம்.

இதை உணர்ந்த ஸோனி 2006-ல் கோனிகா மினோல்டாவின் காமிராத் தொழிலை ஏற்று, லென்ஸ் வைத்திருந்தவர்களையும் சேர்த்து வாங்கியது. 2013-ல் உள்கண்ணாடி இல்லாத பெரிய ஸென்ஸார் காமிராவை அது கொண்டுவந்தது. மற்ற இருவரும் 2018-ல் அதே வழிக்கு வந்தார்கள்.

இதற்குள் சாதாரண மனிதர் கடையை விட்டே போய்விட்டார். ஜப்பானியக் காமிராச் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ல் விற்பனைக்கு அனுப்பியவை சுமார் 12 கோடி. 2020-ல் 90 லட்சத்துக்கும் குறைவு.

பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் 1888-ல் கோடக்கின் ஈஸ்ட்மன் காமிராவை வீடுகளுக்குள் கொண்டுவந்தார். மக்கள் அன்று விரும்பியது பெட்டியையா? குழந்தையின் சிரிப்பையல்லவா? அந்த வாக்கை அவருக்குப் பிறகு யார் நிறைவேற்றினார்களோ, அவர்கள் பக்கம் மக்கள் போனார்கள். இன்று அதை நிறைவேற்றுவது கைப்பேசி.