தானாக இயங்கும் துப்புரவாளரும் மேலே வைத்த பூச்செடியும்

செஞ்சி என்றால் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜாவும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே வட்டாரத்துத் தொண்டூரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. செப்டிக் டேங்க் பற்றிய கட்டுரைக்குச் சமணப் படுக்கை எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

சமணத் துறவிகளுக்குச் சமிதி என்ற பெயரில் ஐந்து ஒழுக்கங்கள். நடப்பது, பேசுவது, உணவு பெறுவது, பொருளை எடுத்து வைப்பது என்று நான்கு. ஐந்தாவது, மலசலம் கழிப்பது பற்றியது. அந்தத் தரையில் புழு பூச்சி, பச்சை முளை ஏதும் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும். அதாவது, கழிவு போய்ச் சேரும் தரையை முதலில் கண்ணால் பார் என்பது விதி. உயிர்க்கொலை கூடாது என்பதற்காக வந்ததுதான், சுகாதாரத்துக்காக அல்ல. ஆனாலும் அப்புறம் வந்த நாகரிகம் எல்லாம் அந்தத் தரையை எப்படிப் பார்க்காமல் இருப்பது என்றுதான் யோசித்தது!

1860-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கிலாந்தில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் மண் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். கழிவைத் தோட்டத்து மண்ணில் புதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் சுவடே இல்லாமல் போவதைக் கவனித்தவர் அவர். இந்தியச் சிறைகளிலும் கண்டோன்மென்ட்களிலும் இந்த முறை பரவியது. ஆனால் இங்கே அந்த மண்ணை அள்ளிச் சுமந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. சாதி அதற்கு ஆளை ஏற்கெனவே வைத்திருந்தது.

ஏறக்குறைய அதே சமயம் பிரான்சில் லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவு போய் விழும்படி ஒரு தொட்டி கட்டினார். பத்து வருடத்துக்கு மேல் கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே கெட்டிக் கழிவு மிகவும் கொஞ்சம்தான். அசந்து போனார்கள். 1881-இல் காப்புரிமை வாங்கி, அதற்கு வைத்த பெயர் 'தானாக இயங்கும் துப்புரவாளர்'. எல்லாம் கரைந்துவிடும், இனி ஆள் வேண்டாம் என்று அர்த்தம். 1895-இல் எக்ஸெட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன்தான் இதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாய் மாதுங்கா தொழுநோய் இல்லத்தில் 1897 வாக்கில் தொட்டி கட்டி, அதில் வந்த வாயுவைக் கொண்டு எஞ்சின்கூட ஓட்டினார்கள்.

ஆனால் மூராவின் பெயர் பொய். தொட்டிக்குள் கொழுப்பு மேலே மிதக்கும், நடுவில் தண்ணீர், அடியில் சேறு. சேற்றில் ஒரு பங்குதான் கரையும். மிச்சம் தங்கிக்கொண்டே வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சேறு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். வணிகவியல் பாஷையில் சொன்னால், கணக்கில் காட்டாத கடன்.

அந்தக் கடன் மேல்தான் நாம் அழகு செய்கிறோம். பல வீடுகளில் டேங்க் போர்டிகோவுக்குக் கீழே இருக்கிறது; மேலே டைல்ஸ், டைல்ஸ் மேலே கார். இல்லையென்றால் கொல்லையில் மண் கொட்டிச் செம்பருத்தி. மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நிரம்பி வழிந்த பிறகு உடைத்துத் தேடி, லாரி குழாய் அடிவரை போகவில்லை என்று ஆளை இறக்குகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. அளவு அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். தூக்கப் போனவரும் விழுவார்.

1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013 சட்டம் பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தானாக இயங்கும் துப்புரவாளர் பிறந்து 140 வருடம் கழித்து வந்த தீர்ப்பு இது!

இந்தப் பயம் நமக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு 2017 பிப்ரவரி உதாரணம். வாரங்கல் பக்கத்துக் கங்காதேவிப்பள்ளியில், மத்திய குடிநீர் மற்றும் துப்புரவு அமைச்சகச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் ஓர் இரட்டைக்குழிக் கழிப்பறையின் பழைய குழியில் இறங்கி உரத்தை அள்ளினார். அது செப்டிக் டேங்க் அல்ல. மூடிப் போட்டு ஆறப்போட்ட குழி, மக்கிக் காய்ந்த மண். ஆபத்தில்லை. இருந்தும் ஓர் அதிகாரி இறங்கியது நாடு முழுக்கச் செய்தியானது.

சரி, டேங்க் மேல் செடியே வைக்கக் கூடாதா? வைக்கலாம். புல், துளசி, கனகாம்பரம் மாதிரி வேர் ஆழம் போகாதவை போதும். மேல்மண் குறைவு என்பதால் வெயிலில் முதலில் காய்வது அந்தப் புல்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். உறிஞ்சுகுழிப் பக்கம் மட்டும் திடீரென்று ஓவராகப் பச்சையாகி ஈரம் கசிந்தால் அடைப்பு என்று அர்த்தம். வாழை, கல்வாழை குழிக்குச் சற்றுத் தள்ளி நன்றாக வரும். வேம்பு, ஆல், அரசு பக்கத்திலேயே வேண்டாம், விரிசலில் வேர் நுழையும். கிழங்கும் கீரையும் அங்கே போடக் கூடாது. மூடி மட்டும் தரைக்கு மேலே தெரியட்டும். அசிங்கமாக இருக்கிறதென்றால் அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைக்கலாம், லாரி வரும் நாளில் ஒரே ஆள் நகர்த்துகிற எடையில்.