வயிறு நிறைந்தபின் எழுந்த பசி

செல்வமும் நலமும் சூழ்ந்திருந்தும் உள்ளம் நிறைவு காணாமல் தவிப்பது மனித குலத்திற்குப் புதிதன்று. அரச வாழ்வைத் துறந்து அரண்மனையை விட்டு வெளியேறினார் சித்தார்த்தர். கடல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பட்டினத்தார் அனைத்தையும் உதறிக் கோவணத்துடன் தெருவில் இறங்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. இவ்விருவரும் கண்ட விடை துறவு. ஆயின், துறவு ஒன்றுதான் விடையோ? சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு வேறொரு விடையையும் காட்டுகின்றது. தமிழவேள் கோ. சாரங்கபாணியின் வாழ்வு அதற்குச் சான்றாகும்.

பிழைப்பும் வாழ்வும்

திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்த சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூர் வந்து, வணிக நிலையம் ஒன்றில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். கடல் கடந்த நகரில் வெயில் படாத வேலை, மாதந்தோறும் சம்பளம். ஊரார் கண்ணுக்கு அது குறைவற்ற வாழ்வே. அந்நாளில் சிராங்கூன் சாலையில் தமிழர் கடைகள் பெருகியிருந்தன. மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த தொழிலாளரும் வயிற்றைக் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பினர்.

எனினும், அவர்களுள் மிகப் பலருக்கு இந்நகரம் பொருள் தேடும் இடமாக இருந்ததேயன்றி, வாழும் இடமாக இருக்கவில்லை. உடல் இங்கே உழைத்தது. உள்ளம் ஊரிலேயே குடியிருந்தது. மனைவி மக்களைப் பிரிந்திருந்தோர் பலர். மாலைப் பொழுதின் வெறுமையைக் கள்ளுக்கடை நிரப்பிற்று. சாதி வேற்றுமையோ கப்பலேறிக் கூடவே வந்திருந்தது. பணத்தால் தீராத குறை என்பது இதுதான். மதிப்போடு வாழ ஒரு சமூகம் வேண்டும். தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு மண் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது சம்பளம் எவ்வளவு உயரினும் மனம் ஆறுவதில்லை.

குறையே தொண்டாதல்

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தார். அவ்வருகை இளைஞரிடையே புதிய எழுச்சியை விளைவித்தது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்று உழைத்தவருள் சாரங்கபாணியும் ஒருவர். 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ வார இதழாக வெளிவந்தது. பின்னர் அவர் பொறுப்பில் நாளிதழாக வளர்ந்தது. கணக்கேட்டில் வரவு செலவு எழுதிய கை, ஒரு சமூகத்தின் குறை நிறைகளை எழுதத் தொடங்கிற்று.

போருக்குப் பின்னர், 1952இல் அவர் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமயத்தாலும் சாதியாலும் பிரிந்து நின்றோர் ஒரே பந்தலில் கூடுதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1957இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது, பதிவு செய்துகொள்ளுமாறு தமிழரை அவர் இடைவிடாது தூண்டினார். ‘இங்கே உண்டு, அங்கே வாழும்’ நிலை ஒழியவேண்டும் என்பதை நன்குணர்ந்திருந்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

இவற்றினும் தமிழாசிரியர் நினைவிற்கொள்ளத்தக்க செயல் ஒன்றுண்டு. அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, வடமொழிக்கே முதன்மை தரவேண்டும் என்ற கருத்து நிலவியது. தமிழுக்கே அவ்விடம் உரியது எனச் சாரங்கபாணி தம் இதழ் வாயிலாகப் போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். செல்வரும் தொழிலாளரும் தத்தம் அளவில் வழங்கினர். 1956இல் தமிழுக்கு இடமளித்து அத்துறை அமைந்தது. கல்லூரி வாயிலையே கண்டறியாத தொழிலாளி பல்கலைக்கழகத் தமிழுக்குப் பொருள் தந்தானே, அவன் பெற்ற ஊதியம் யாது? தன் உழைப்பு தன் வயிற்றோடு முடியவில்லை என்னும் நிறைவே அது.

நிறைவின் இயல்பு

அந்நிறைவும் முற்றுப்பெற்றதன்று. 1959இல் அத்துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. சாரங்கபாணி 1974இல் மறைந்தார். ஒரு குறை தீர, மற்றொன்று தோன்றியவண்ணமே இருந்தது. ஆயினும் 1965இல் தனிநாடான சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாயிற்று. தமிழ் முரசும் இன்றளவும் வெளிவருகின்றது.

பட்டினத்தார் உடைமையைத் துறந்தார். சாரங்கபாணி தன்னலத்தைத் துறந்தார். முன்னவர் ஊரைவிட்டு விலகினார். பின்னவர் ஊரோடு கலந்தார். எல்லாம் பெற்றும் ஏதோ குறைகிறது என்று இன்று ஓர் இளைஞன் தன் ஆசிரியரிடம் வந்து கூறுவானாயின், அதனை நோயெனக் கருதி அஞ்சவேண்டுவதில்லை. தனக்கு மட்டும் வாழ்வது போதாது என்று உள்ளம் அறிவிக்கும் குரலாகவும் அது இருக்கக்கூடும். அக்குரலுக்குச் செவிசாய்த்தவர்களால்தான் சிராங்கூன் சாலைத் தமிழர் பிழைக்க வந்த கூட்டம் என்னும் நிலை நீங்கி, இந்நாட்டின் குடிமக்களாயினர்.