தமிழ்நாட்டில் மழையாலும் புயலாலும் கைவிடப்பட்ட விளையாட்டுப் போட்டிகள்

கனமழை, புயல், இடி மின்னல், வெள்ளம் ஆகியவற்றால் நடத்த இயலாமற்போன ஆட்டங்கள் எல்லாம் பேச்சுவழக்கில் 'மழையால் நின்றுபோன மேட்ச்' என்ற ஒரே பெயரைப் பெற்றாலும், போட்டி விதிகள் அவற்றை வேறுபடுத்தியே பார்க்கின்றன. தொடங்கும் முன்பே நிறுத்தப்பட்டு வேறு நாளும் குறிக்கப்படாத ஆட்டம் ரத்தானதாகவும், வேறு நாள் குறிக்கப்பட்டது ஒத்திவைக்கப்பட்டதாகவும், தொடங்கிய பின் வானம் தெளியும்வரை காத்திருப்பது இடைநிறுத்தமாகவும், இனி ஆட வழியில்லை என்று நடுவர் முடித்துவைப்பது கைவிடப்பட்டதாகவும் கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவ்வாறு நின்றுபோன பெரிய ஆட்டங்களில் பெரும்பாலானவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் அடங்குகின்றன என்பதால், அவற்றை வானத்தின் மேல் மட்டும் பழிபோட்டு விளக்கிவிட முடியாது. ஆட்ட நாட்காட்டியை வகுத்தவர்களின் முடிவும் அதில் சமபங்கு வகிக்கிறது.

பருவமும் நாட்காட்டியும்

இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெற, தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை, அதாவது சராசரியாக 44 சென்டிமீட்டரை, வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் இக்காலத்தில் கரையை நோக்கி வருவதால், மழை நாள்தோறும் சீராகப் பெய்யாமல் சில நாட்களில் கொட்டித் தீர்த்து, பின் பல நாட்கள் ஓய்ந்திருக்கும் தன்மையுடையது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதிகனமழை ஆகும். இவற்றின் சாத்தியத்தை முன்கூட்டித் தெரிவிக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைக் கருத்தில் கொண்டே மாவட்ட ஆட்சியர்கள் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காவிரியின் வடகரையில், நாமக்கல் சாலையில் அமைந்த தொட்டியம் வட்டம், கடற்கரையிலிருந்து விலகிய ஓர் ஊர்ப்புறத்தில் இந்தச் சிக்கல் எப்படி உருமாறுகிறது என்பதற்கு நல்ல சான்றாகும். மாயனூருக்கும் முக்கொம்புக்கும் இடையே 'அகண்ட காவிரி' என்று அழைக்கப்படும் பரந்த ஆற்றுப் பகுதியை ஒட்டிய இவ்வட்டத்தின் வண்டல் நிலத்தில் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. இங்கே ஆட்டத்தைக் கெடுக்கும் காலம் ஒன்றல்ல. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் வெப்பத்தில் திரளும் இடிமேகம் சூறைக்காற்றோடு இறங்கி, குலைதள்ளிய வாழைகளைச் சாய்க்கும் அதே மாலை வேளைதான் கோடை விடுமுறைப் போட்டிகள் நடைபெறும் வேளையுமாகும். ஜூலை, ஆகஸ்டில் உள்ளூரில் தூறல்கூட இல்லாதபோதும் கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்யும் மழையால் மேட்டூர் அணை நிரம்பி ஆற்றில் வெள்ளம் வரலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது அத்தகைய வெள்ளத்தின் போதுதான். மூன்றாவதாக வருவது எல்லாரும் அறிந்த ஐப்பசி, கார்த்திகை அடைமழை.

கல்லூரி விளையாட்டு இந்த மூன்றாம் காலத்தில்தான் அதிகம் சிக்குகிறது. பருவமுறைத் தேர்வுகளைப் பின்பற்றும் கல்லூரிகளில் கல்வியாண்டின் முதற்பாதி ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிவதால், 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்றவற்றின் இணைவுபெற்ற கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளையும், அவற்றில் தேர்வாகும் அணிகள் பங்கேற்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மண்டலப் போட்டிகளையும் தேர்வு அட்டவணையோடு மோதாமல் நுழைக்க எஞ்சும் இடைவெளி குறுகியது. அந்த இடைவெளியின் நல்ல பகுதி மழைக்காலத்தின் மேல் விழுகிறது. தொழில்முறைப் போட்டி கைவிடப்பட்டால் செய்தி வரும், நுழைவுச்சீட்டுக் கட்டணம் திருப்பித் தரப்படும். ஒரு கல்லூரி அணியின் ஆட்டம் ரத்தானாலோ, மூன்றாண்டு மட்டுமே அந்தச் சீருடையை அணியக்கூடிய மாணவருக்கு ஓர் ஆண்டு வாய்ப்பு பதிவேதும் இன்றிப் போகிறது. இதனை வானிலையின் சிறிய விளைவாகக் கருதுவது சரியன்று.

பழைய சென்னையின் ஆட்டக்காரர்கள் பருவத்தை மதித்து நாள் குறித்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடந்த மாகாணக் கிரிக்கெட் போட்டி, மழை ஓய்ந்து பனி தொடங்கிய பொங்கல் நாட்களை ஒட்டி அமைந்தது. அதனாலேயே அது பொங்கல் போட்டி என்று பெயர் பெற்றது. சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில் நடந்தது. பிற்காலத்திலும் பல டெஸ்ட்டுகள் தைப்பொங்கலை ஒட்டியே வந்தன. புச்சிபாபு நினைவுப் போட்டிகள் ஆகஸ்ட், செப்டம்பரில், அதாவது வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும் வகையில் அமைகின்றன. தொலைக்காட்சி ஒளிபரப்பும் பன்னாட்டு அணிகளின் பயணத் திட்டமும் நாட்காட்டியை ஆளத் தொடங்கிய பின்னரே சென்னைக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள் அடிக்கடி ஒதுக்கப்பட்டன.

சேப்பாக்கம்: 2004, 2005

2004 அக்டோபர் 14 அன்று தொடங்கிய இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட், மழையால் முடிவு பறிபோன ஆட்டங்களுள் தமிழ்நாட்டுப் பார்வையாளர் நெஞ்சில் ஆழமாகத் தங்கியது. முதல் இன்னிங்சில் 48 ஓட்டங்களுக்கு 7, இரண்டாவதில் 133க்கு 6 என அனில் கும்ப்ளே 13 விக்கெட்டுகளைச் சாய்க்க, வீரேந்தர் சேவாக் 155 ஓட்டங்கள் குவிக்க, வெற்றிக்கு 229 தேவை என்ற நிலையில் நான்காம் நாள் மாலை இந்தியா விக்கெட் இழப்பின்றி 19 ஓட்டங்கள் எடுத்திருந்தது. கடைசி நாளில் பத்து விக்கெட்டுகள் கைவசமிருக்க எட்டக்கூடிய தொலைவில் இருந்த 210 ஓட்டங்கள் தேடப்படவே இல்லை. அக்டோபர் 18 அன்று ஒரு பந்துகூட வீசப்படாமல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அத்தொடரை 2க்கு 1 என வென்ற ஆஸ்திரேலியா, 35 ஆண்டுகளுக்குப் பின் இந்திய மண்ணில் தொடர் வெற்றி பெற்றது. அந்த ஒருநாள் மழை தொடரின் போக்கையே மாற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரு அணிகளுக்கும் வெற்றி வாய்ப்பிருந்த ஓர் ஆட்டத்தை அது முடிவில்லாமல் விட்டுச் சென்றது.

அடுத்த ஆண்டின் பருவம் இன்னும் கடுமையாக இருந்தது. 2005 நவம்பரில் காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றோடு கோரையாறும் பெருக்கெடுத்ததால் திருச்சிராப்பள்ளி நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அதே நவம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் நடைபெறவிருந்த இந்தியா, தென்னாப்பிரிக்கா ஒருநாள் போட்டி ஒரு பந்தும் வீசப்படாமல் கைவிடப்பட்டது. பத்து நாட்கள் கழித்து, டிசம்பர் 2 அன்று தொடங்கவிருந்த இலங்கை டெஸ்டின் போது 'பாஸ்' புயல் வலுவிழந்து கரையை நெருங்க, முதல் மூன்று நாட்களும் மழையில் கரைந்தன. எஞ்சிய நேரத்தில் இந்தியா 167 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சமிந்த வாஸ் 21 ஓவர்களில் 14இல் ஓட்டமே கொடுக்காமல், 20 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை எடுத்தார். ஈரம் உறைந்த ஆடுகளத்தில் மகேந்திர சிங் தோனி தம் முதல் டெஸ்ட் இன்னிங்சை ஆடி 30 ஓட்டங்கள் எடுத்தது இவ்வாட்டத்தில்தான்.

ஈரத்தை உலர்த்தும் வேலை

மழை நின்றுவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடலாம் என்பது பார்வையாளர் மாடத்திலிருந்து தோன்றும் எண்ணம். ஆடுகளத்தின் நடுப்பகுதியைத் தார்ப்பாய் மூடியிருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். சிக்கல் அதைச் சூழ்ந்த வெளிக்களத்தில்தான் இருக்கிறது. மேற்பரப்பு நீரைப் பஞ்சுருளையால் உறிஞ்சி எடுக்கும் 'சூப்பர் சாப்பர்' எந்திரம், மரத்தூள், மணல் ஆகியவை புல்லின் மேல் நிற்கும் நீரைப் போக்க உதவுமே தவிர, களிமண் தன் நுண்துளைகளில் பிடித்துவைத்திருக்கும் நீரை விரைந்து வெளியேற்ற உதவா. பெங்களூரு சின்னசாமி மைதானம் 2017இல் நிலத்தடிக் குழாய்கள் வழியே காற்றழுத்தத்தால் நீரை உறிஞ்சும் 'சப்ஏர்' அமைப்பை நிறுவியது இதனால்தான். அப்படியிருந்தும், 2024 அக்டோபர் 16 அன்று அங்கே நியூசிலாந்து டெஸ்டின் முதல் நாள் முழுவதும் இழக்கப்பட்டது, ஏனெனில் பெய்துகொண்டே இருக்கும் மழையை எந்தக் குழாயும் வெல்லாது.

இவ்வகையில் சேப்பாக்கம் தன் பெயரை மீட்ட ஓர் ஆண்டு உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, மைதானத்தின் காட்சித்திரைகள் சேதமடைந்தன, ஆடுகளம் ஈரத்தோடு கிடந்தது. நான்கே நாட்களில், டிசம்பர் 16 அன்று, இங்கிலாந்து டெஸ்ட் தொடங்கவேண்டியிருந்தது. மைதானப் பணியாளர்கள் தகரத் தட்டுகளில் கனல் கரியைப் பரப்பி ஆடுகளத்துக்குச் சற்று மேலே நகர்த்தி நகர்த்தி வெப்பமூட்டி அதனை உலர்த்தினர். குறித்த நாளில் ஆட்டம் தொடங்கியது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் எடுத்த 303 ஓட்டங்களோடு இந்தியா 7 விக்கெட் இழப்புக்கு 759 என்று அறிவித்து, இன்னிங்ஸ் மற்றும் 75 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஆட்டப் பதிவேட்டில் பெயர் இடம்பெறாத அந்தப் பணியாளர்களின் வேலையைத் தவிர்த்து அந்தச் சாதனையைச் சொல்வது நியாயமாகாது.

இடம் மாறிய கால்பந்து, பகிரப்பட்ட கோப்பை

கால்பந்தில் மழை தானே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. தேங்கிய நீரே நிறுத்துகிறது. நடுவர் பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பதும், உருட்டிப் பார்ப்பதும் வழக்கமான சோதனைகள்: விழுந்த இடத்திலேயே பந்து ஒட்டிக்கொண்டு எழாவிட்டால் அக்களத்தில் ஆட்டக்காரரின் கணுக்காலும் முழங்காலும் ஆபத்துக்கு உள்ளாகும் என்று பொருள். ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் ஐந்தாம் விதி நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. கைவிடப்பட்ட ஆட்டம், போட்டி விதிமுறை வேறாகக் கூறினாலன்றி, மீண்டும் ஆடப்படவேண்டும் என்கிறது ஏழாம் விதி.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆட்டக்களத்தைவிட நகரமே பெரிய பிரச்சினையாக இருந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவாகி, அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் நீரில் மூழ்கி, விமான நிலையமும் மூடப்பட்ட நிலையில், இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியில் கொல்கத்தா அணியைச் சந்திக்கவிருந்த சென்னையின் எஃப்.சி. தன் சொந்தக்கள ஆட்டத்தைப் புனேயின் பாலேவாடி அரங்கில் ஆடியது. டிசம்பர் 12 அன்று நடந்த அவ்வாட்டத்தை 3க்கு 0 என வென்ற அணி, 20ஆம் தேதி கோவாவில் இறுதியாட்டத்தையும் 3க்கு 2 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மீட்புப் பணியிலிருந்த காவலர்களையும் மருத்துவ ஊர்திகளையும் ஓர் ஆட்டத்துக்காகத் திருப்பாமல் இருந்தது சரியான முடிவே. இதே நோக்கில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் ஒத்திவைக்கப்பட்ட சென்னை ஃபார்முலா 4 சாலைப் பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடத்தப்பட்டது.

தென்மேற்குப் பருவக் காலமும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. 2022 ஜூலை 31 அன்று கோயம்புத்தூரில் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டம் மழையால் முடிக்கப்படாமல் போக, சேப்பாக்கம் சூப்பர் கில்லீசும் லைக்கா கோவை கிங்சும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. இவ்வகைப் பகிர்வுக்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் கொழும்பில் உண்டு: 2002 செப்டம்பர் 29, 30 தேதிகளில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், மாற்று நாளில் விட்ட இடத்திலிருந்து தொடராமல் புதிதாகத் தொடங்கவேண்டும் என்ற விதியால், இரு நாளும் இலங்கை 50 ஓவர்கள் முழுமையாக ஆடியும், மொத்தம் 110 ஓவர்களுக்கு மேல் வீசப்பட்டும், முடிவு கிடைக்காமல் இந்தியாவும் இலங்கையும் கூட்டு வெற்றியாளர்களாயின. குறுக்கப்பட்ட ஆட்டங்களில் இலக்கைக் கணக்கிட, பன்னாட்டுக் கிரிக்கெட் டக்வொர்த், லூயிஸ், ஸ்டெர்ன் முறையைப் பயன்படுத்த, தமிழ்நாடு பிரீமியர் லீக் கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த முறையைக் கையாள்கிறது.

மின்னலும் கல்லூரி மைதானமும்

மழையில் நனைவதால் ஆட்டக்காரருக்குக் கேடு குறைவு. மின்னலால் உயிருக்கே ஆபத்து. பரந்த வெளியில் உயரமாக நிற்பது அங்கிருப்போர் உடலே என்பதாலும், மழை தொடங்கும் முன்பும் நின்ற பின்பும் மின்னல் தாக்கக்கூடும் என்பதாலும், அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதற்குத் தெளிவான நெறிமுறை வைத்திருக்கிறது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடி, அதாவது ஒலியின் வேகப்படி ஏறத்தாழ 10 கிலோமீட்டர், என்ற அளவை எட்டும்போது மைதானம் காலியாகியிருக்கவேண்டும்; கடைசி இடி அல்லது மின்னலுக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்கவேண்டும்; இடையில் மறுபடி இடித்தால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து தொடங்கும். ஆட்டக்காரரோடு பார்வையாளரும் இந்நெறிக்கு உட்பட்டவரே. இதன்படி 2014 ஆகஸ்ட் 30 அன்று ஃபுளோரிடா, ஐடஹோ பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் தொடக்க உதையோடு நின்று கைவிடப்பட்டது. 2018 டிசம்பர் 26 அன்று டல்லாஸ் நகரில் பாஸ்டன் கல்லூரி, பாய்சி மாநிலப் பல்கலைக்கழகம் மோதிய ஆட்டம் முதற்பகுதியிலேயே நிறுத்தப்பட்டு, நடைபெறாததாகவே அறிவிக்கப்பட்டது. ஒளிபரப்பும் பெரும்பணமும் சார்ந்த ஆட்டங்களையே இவ்வாறு துறக்க அங்கே விதி துணைநிற்கிறது.

தொட்டியம், முசிறி, திருச்சிராப்பள்ளி வட்டாரக் கல்லூரிகளில் இந்த முடிவு நடைமுறையில் உடற்கல்வி இயக்குநரையும் அன்றைய நடுவரையும் சேர்கிறது. ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாளில் குழப்பமில்லை. ஆனால் கோடை இடிமழை பெரும்பாலும் எச்சரிக்கை நிறம் ஏதுமின்றி ஒரு மணி நேரத்துக்குள் திரண்டுவிடுகிறது. அரையிறுதி நடந்துகொண்டிருக்க, வெளியூர் அணி மாலைப் பேருந்துக்குக் கிளம்பவேண்டியிருக்க, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பத்து நிமிடத்தை மறுக்கும் எழுத்துவடிவ விதி கையிலிருந்தால் நடுவர் தனிமனிதராக எவருடைய கோபத்தையும் தாங்கவேண்டியதில்லை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற கைப்பேசிச் செயலி, பயன்படுத்துவோர் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டர் வரையிலான மின்னலைக் காட்டுகிறது. 30 விநாடிக் கணக்குக்குக் கைக்கடிகாரம் ஒன்றே போதும் என்பதால், இந்நெறிமுறையைக் கல்லூரிப் போட்டிகளின் விதிப்புத்தகத்தில் சேர்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படாது.