மிகை, சேமிப்பு, கல்லீரல்: ஒரு குறிப்பு

ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது என்கின்றன பாடப்புத்தகங்கள். மிகை, சேமிப்பு, இருப்பு: எல்லாமே வட்டிக்கடைச் சொற்கள். உடலியல் தன் சொல்லாடலை எங்கிருந்து கடன் வாங்குகிறது என்று கேட்பது வெட்டிவேலை அல்ல என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர் அதற்கு வைத்த பெயரில் சேமிப்பு என்கிற எண்ணமே கிடையாது.

1840களின் பாரிஸில் துய்மாவும் புஸ்ஸேங்கோவும் சொன்னதுதான் சட்டம். தாவரம் ஆக்கும், பிராணி எரிக்கும். சர்க்கரை செய்கிற யோக்கியதை பிராணிக்கு இல்லை. குளோத் பெர்னார் நாய்களுக்கு வெறும் இறைச்சியைப் போட்டு வளர்த்தார். 1848இல் சோதித்தபோது கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. தின்னாதது எங்கிருந்து வந்தது? 1855இல் ஒரு நாயின் கல்லீரலை எடுத்து, ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் இல்லாமல் கழுவினார். அப்படியே போட்டுட்டுப் போயிட்டார். மறுநாள் வந்து பார்த்தால், செத்த ஈரலில் சர்க்கரை மறுபடி ஊறியிருக்கிறது! 1857இல் அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். கிளைக்கோஜன் என்றால் சர்க்கரையை ஆக்குவது என்று பொருள். ஆக, அவர் கண்டது கிடங்கை அல்ல, உலையை.

கிடங்கு என்பதும் பொய்யில்லை. சாப்பிட்டபின் இன்சுலினின் ஏவலில் குளுக்கோஸ் கிளைகிளையாகக் கோக்கப்படுகிறது. பெரியவர் ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். அதற்கு மேலே போனால் கொழுப்புதான். தசை தன் பங்கை ரத்தத்துக்குக் குளுக்கோஸாகத் திருப்பித் தராது; அதற்கான நொதி அதனிடம் இல்லை. கல்லீரல் தரும். ராத்திரி நாம தூங்கும்போது மூளைக்குச் சோறு போடுவது அதுதான். ஒருநாள் முழுப்பட்டினி கிடந்தால் அநேகமாகக் காலி. இதை வங்கி என்பதைவிடப் பழைய சோற்றுப்பானை என்பதே பொருத்தம்.

மிகை என்றதும் அது யாருடைய மிகை என்று கேட்பது நம் வழக்கம். 1845இல் ஃபன்னி மார்த்தேனை மணந்ததில் வந்த சீதனம்தான் பெர்னாரின் ஆய்வைத் தாங்கியது. உயிரோடு நாய்களை அறுப்பதை அவர் எதிர்த்தார், 1870இல் பிரிந்தார்கள். பெர்னாரைப் போற்றுகிறவர்கள் ஃபன்னியை விஞ்ஞானம் புரியாத தொல்லைக்கார மனைவி என்று எழுதினார்கள். நாயை அறுத்த கத்தியில் அவருடைய பணமும் இருந்தது.