இரண்டு எண்களில் ஓர் இடம்: வரைபடத் தாளின் நெடும்பயணம்

உயர்நிலை வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டைத் திறந்தால், கட்டம் கட்டமாக அச்சிட்ட வரைபடத் தாளைக் காண்கிறோம். அதில் கிடையாக ஒரு கோடு. அது எக்ஸ் அச்சு. செங்குத்தாக ஒரு கோடு. அது ஒய் அச்சு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆதிப்புள்ளி. (3, 5) என்று ஆசிரியர் சொன்னால், ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் 3 கட்டங்களும் மேல்நோக்கி 5 கட்டங்களும் சென்று மாணவர் புள்ளி வைக்கிறார். பின்னர் ஒரு சமன்பாட்டுக்குரிய புள்ளிகளைக் குறித்து இணைக்கிறார். நேர்கோடு ஒன்று பிறக்கிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

கேட்டாலும் இருவகை விடைகளே கிடைக்கின்றன. பாடநூல், பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட்டின் பெயரோடு தொடங்கி அவரோடு முடித்துவிடுகிறது. நம் மேடைகளிலோ, 'இவையெல்லாம் முஸ்லிம்கள் கண்டுபிடித்தவை' என்று ஒரே வரியில் முழங்கிவிடுகிறோம். முதலாவதில் குறை இருக்கிறது. இரண்டாவதில் மிகை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சொல்வதும் ஒரு சாட்சியம்தான். நமக்கே பாதகமாக இருப்பினும் சாட்சியத்தை நீதியோடு கூற வேண்டும் என்பது திருக்குர்ஆன் (4:135) நமக்கு இட்ட கட்டளை. அந்தக் கட்டளையை முன்வைத்து இந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வரைபடத் தாளில் மூன்று சிந்தனைகள் ஒன்றுகூடியிருக்கின்றன. ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கலாம் என்பது முதலாவது. அறியாத ஓர் அளவைச் சமன்பாட்டின் மூலம் அறியலாம் என்பது இரண்டாவது. அந்தச் சமன்பாட்டையே ஒரு கோடாக வரையலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே காலத்திலோ ஒரே மண்ணிலோ தோன்றியவை அல்ல.

இடத்துக்கு இரண்டு எண்கள்

முதற்சிந்தனை நமக்கு முன்னரே இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் புவியியல் நூலில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைத் தந்திருந்தார். பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, அந்நூலை அடிப்படையாகக் கொண்டு, திருத்தங்களும் சேர்க்கைகளும் செய்து 'கித்தாபு ஸூரத்தில் அர்ள்' என்னும் நூலை எழுதினார். நகரங்கள், மலைகள், தீவுகள் என 2,400க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் ஈரெண்களால் குறிக்கப்பட்டுள்ளன.

முஸ்லிம் உலகில் இந்த எண்களுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. தொழுகையில் மஸ்ஜிதுல் ஹராமை நோக்கித் திரும்ப வேண்டும் (2:144). மக்காவைக் கண்ணால் காண இயலாத தொலைவில் ஒரு பள்ளிவாசல் எழுப்பப்படும்போது, அதன் மிஹ்ராப் எத்திசையில் அமைய வேண்டும்? இதைக் கணித்துச் சொல்ல வேண்டுமானால் அவ்வூருக்கு இரண்டு எண்கள், மக்காவுக்கு இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த எண்களைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கண்டுவிடலாம். தீர்க்கரேகைக்கோ, தொலைவிலுள்ள இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிய வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே நேர வேறுபாடு தெரிந்தால் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்துவிடும். தொலைபேசி இல்லாத காலத்தில் இரண்டு ஊர்களின் நேரத்தை எப்படி ஒப்பிடுவது? சந்திர கிரகணம் கைகொடுத்தது. அது தென்படும் இடங்களிலெல்லாம் ஒரே கணத்தில் நிகழ்வது. 997ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, குவாரஸ்ம் நாட்டின் காத் நகரில் இளைஞர் அல்பிரூனியும், பக்தாதில் முதியவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானியும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு கவனித்தார்கள். இரண்டு நகரங்களின் நேரங்களையும் ஒப்பிட்டு அவற்றின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தார்கள்.

1017இல் கஸ்னவி சுல்தான் மஹ்மூது குவாரஸ்மைக் கைப்பற்றியபோது, அல்பிரூனி தாயகத்தைவிட்டுக் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அடுத்த ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது சூரியனை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்லை வரைந்து, அதைப் பாகைகளாகப் பிரித்து, அதையே கருவியாக்கிக்கொண்டார். இச்செய்தியை அவரே 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலில் பதிவுசெய்துள்ளார். 1025இல் முடிக்கப்பட்ட அந்நூலின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று, கஸ்னா நகரின் சரியான இடத்தையும் அங்கிருந்து கிப்லாவின் திசையையும் கண்டறிவதாகும். இரண்டு எண்களுக்காக ஓர் அறிஞர் பட்ட பாடு இது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அல்பிரூனியின் எண்கள் உருண்டையான பூமியின் மேல் அமைந்தவை. மாணவரின் தாள் தட்டையானது. ஆகவே அவருக்குக் கோள முக்கோணக் கணிதம் தேவைப்பட்டது. ஈரெண்களால் இடம் குறிக்கும் கருத்து ஒன்றே. ஆனால் அது பாடநூல் சொல்லும் ஆயத்தளம் அன்று.

பங்கீட்டிலிருந்து வளர்ந்த கணிதம்

இரண்டாம் சிந்தனையில் மீண்டும் அல்குவாரிஸ்மியைச் சந்திக்கிறோம். அவருடைய 'அல்ஜப்ர் வல்முகாபலா' பற்றிய நூலின் பெயரிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்னும் சொல் பிறந்தது. வாரிசுரிமை, மரணசாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நிலமளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளுக்காக அதை எழுதுவதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். நூலின் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத்தும் சொத்துப் பங்கீடும் பற்றிய கணக்குகளே.

அவற்றுள் ஒன்று இது. ஒரு பெண் இறக்கிறாள். கணவனும் ஒரு மகனும் மூன்று மகள்களும் வாரிசுகள். சொத்தில் எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் சேர்த்து, வாரிசல்லாத ஒருவருக்கு அவள் வஸிய்யத்து செய்திருக்கிறாள். யாருக்கு எவ்வளவு? சொத்தை 1,120 பங்குகளாகக் கொண்டால் வஸிய்யத்துக்கு 300. எஞ்சிய 820இல் கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பார்த்தால் ஒரு பங்கும் குறையவில்லை, ஒரு பங்கும் மிகவில்லை.

இந்நூலில் இன்று நாம் எழுதும் எக்ஸும் இல்லை, சமக்குறியும் இல்லை. அறியாத அளவை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்று அவர் அழைத்தார். எல்லாக் கணக்குகளும் சொற்களாலேயே எழுதப்பட்டன. குறை எண்களை அவர் சமன்பாட்டின் விடையாக ஏற்கவில்லை. இத்தனைக்கும் இந்தியாவின் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே சுழியத்துக்கும் குறை எண்களுக்கும் விதிகளை எழுதியிருந்தார். இருப்பு, கடன் என்ற உவமையால் அவற்றை விளக்கியும் இருந்தார். இந்திய எண்முறையைப் பற்றித் தனியே நூல் எழுதி அதை மேற்கு நோக்கிக் கொண்டுசென்றவரும் அல்குவாரிஸ்மியே. பிறரிடம் கற்றதைப் பிறருடையது என்று சொல்லியே அவர் கற்பித்தார். அந்தப் பண்பும் நம் பாரம்பரியம்தான்.

கோடும் சமன்பாடும் சந்தித்தபோது

மூன்றாம் சிந்தனையை நெருங்கியவர் நைஷாபூரின் உமர் கய்யாம் (1048–1131). கவிஞராகவே பலரும் அவரை அறிவர். 1070 அளவில் சமர்கந்தில் அவர் எழுதிய இயற்கணித நூலில், முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, பரவளையம், வட்டம் போன்ற வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கொண்டு விடையின் நீளத்தைக் கண்டார். வளைவுகளைப் பற்றிய அறிவு கிரேக்க அறிஞர் அப்போலோனியஸிடமிருந்து வந்தது. சமன்பாடு அல்குவாரிஸ்மியிடமிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார் கய்யாம். ஆயினும் குறை எண்களுக்கு அவருடைய கணிதத்திலும் இடமில்லை. நிலையான இரண்டு அச்சுகளும் இல்லை. சமன்பாட்டுக்கு விடை காண அவர் வளைவை வரைந்தார். ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு என்று பொதுவாகச் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர்கள். அதற்கும் முன்னர், 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஓரெஸ்ம் காலத்தைக் கிடைக்கோட்டிலும் வேகத்தை அதன்மேல் உயரமாகவும் வரைந்து காட்டியிருந்தார். பியர் டி ஃபெர்மா 1636 அளவில், இரண்டு அறியா அளவுகளைக் கொண்ட முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டையே தரும் என்று எழுதினார். அது அச்சேறியது அவர் இறந்த பின்னர், 1679இல். டெக்கார்ட்டின் 'வடிவியல்' 1637இல் வெளிவந்தது. அவருடைய நூலிலும் இன்றைய வரைபடத் தாளைப்போல் செங்குத்தான இரண்டு அச்சுகள் வரையப்பட்டிருக்கவில்லை. குறை எண்களையும் சேர்த்து நான்கு கால்பகுதிகளிலும் வளைவுகளை முறையாக வரைந்த நியூட்டனின் ஆய்வு 1704இல் வெளியானது.

டெக்கார்ட் கய்யாமிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. கய்யாமின் நூல் ஐரோப்பாவில் அச்சானது 1851இல், பாரிஸ் நகரில். அல்குவாரிஸ்மியின் வழி அவ்வாறு அன்று. 1145இல் செஸ்டர் ராபர்ட் அவருடைய இயற்கணிதத்தை ஸ்பெயினில் லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். அந்த ஊற்றிலிருந்து ஐரோப்பா பருகியது உறுதி. உறுதியானதை உறுதியாகவும், சான்றில்லாததைச் சான்றில்லாதது என்றும் சொன்னால் நம் முன்னோரின் பெருமை குறைந்துவிடாது.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது

இவ்வரலாற்றைத் தெரிந்துகொண்ட நாம் வரைபடத் தாளை எப்படி அறிமுகப்படுத்தலாம்? அல்குவாரிஸ்மி விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் உள்ள ஒருவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு (4:12). வஸிய்யத்தும் வேறு செலவும் இல்லை என்று கொள்வோம். கிடை அச்சில் சொத்தையும் குத்து அச்சில் மனைவியின் பங்கையும் குறிப்போம். 80,000 ரூபாய்க்கு 10,000. 1,60,000 ரூபாய்க்கு 20,000. புள்ளிகளை இணைத்தால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்கும். அதன் சமன்பாடு: ஒய் = எக்ஸ் ÷ 8.

இப்போது இறந்தவருக்கு 40,000 ரூபாய் கடன் இருந்ததாகக் கொள்வோம். அதே வசனம் கடனுக்குப் பின்னரே பங்கு என்கிறது. சமன்பாடு ஒய் = (எக்ஸ் − 40,000) ÷ 8 என்று மாறும். 80,000க்கு 5,000, 1,60,000க்கு 15,000. புதிய கோடு முதற்கோட்டுக்கு இணையாக, எங்கும் 5,000 தாழ்ந்து செல்லும். சாய்வு மாறவில்லை, ஏனெனில் பங்கின் விகிதம் மாறவில்லை. மாறியது தொடங்கும் இடம் மட்டுமே: ஆதிப்புள்ளியில் அன்று, 40,000இல். கடனைத் தீர்க்காமலேயே பாகம் பிரித்து, பின்னர் உறவு முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம். எந்த இடத்தில் கணக்கு தவறியது என்பதை இந்த இரண்டு கோடுகளும் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இன்னொரு கேள்வியும் மாணவரிடம் கேட்கலாம். இரண்டாம் கோட்டை இடப்புறம் நீட்டினால் என்னாகும்? அது கிடை அச்சுக்குக் கீழே இறங்கி, குத்து அச்சைக் குறை 5,000இல் வெட்டும். கணிதத்தில் அந்தப் புள்ளி சரியே. ஆனால் சொத்தே இல்லாமல் கணவர் இறந்தால், விதவை தன் பணத்திலிருந்து 5,000 தர வேண்டும் என்பதா பொருள்? இல்லை. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. வாரிசு என்ற காரணத்துக்காக அவள்மீது அது சுமத்தப்படாது. ஆகவே 40,000க்கு இடப்புறம் அக்கோட்டுக்குப் பொருளில்லை. சமன்பாடு எல்லையின்றிச் செல்லும். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை வாழ்க்கையின் சட்டம் அறிந்தவரே சொல்ல முடியும். கணிதத்தையும் மார்க்கத்தையும் சேர்த்துக் கற்க வேண்டியதன் நியாயம் இங்கே விளங்குகிறது.

கிரேக்கர் தந்ததை முஸ்லிம் அறிஞர்கள் திருத்தினர். இந்தியர் தந்த எண்ணை அவர்கள் சுமந்து சென்றனர். கய்யாம் அருகருகே வைத்ததைப் பிரெஞ்சுக்காரர் பொதுவிதியாக்கினர். காபூலுக்கு அருகே கருவியின்றித் தவித்தவர் பலகையின் பின்புறத்தில் வில் வரைந்தார். இன்று நம் பிள்ளைகளின் கையில் கட்டம் போட்ட தாளும் கூர்மையான பென்சிலும் இருக்கின்றன. அவர்கள் அடுத்த புள்ளியை வைக்கும்போது, அது எத்தனை பேருடைய உழைப்பின் மேல் வைக்கப்படுகிறது என்பதை உள்ளபடி சொல்லித் தருவது நம்மீதுள்ள அமானிதம். அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக.